சேலத்து வக்கீல் விஜயராகவாச்சாரியார்

நம்மில் பலர் மறந்துவிட்ட ஒரு வக்கீலைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

சேலம் சி. விஜயராகவாச்சாரியார். 1852 ஜூன் 18இல் செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். பிழைக்க வந்த ஊர் சேலம். அந்தக் காலத்தில் நம் ஜவ்வாது மலையடிவாரத்துத் திருப்பத்தூர் தாலுகாவும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே அவர் நமக்கும் பழைய மாவட்டத்துக்காரர்!

முதலில் அவர் என்னைப் போல வாத்தியார். சட்ட வகுப்புக்குப் போகாமல் தானாகவே படித்துத் தேர்வெழுதி 1881இல் வக்கீலானார். மறு வருடமே சேலம் நகராட்சி உறுப்பினர். அதே 1882இல் ஊரில் மதக் கலவரம் மூண்டது. தூண்டியவர் இவர்தான் என்று வழக்கு. 10 ஆண்டு தண்டனை. நகராட்சிப் பதவியும் போயிற்று.

வேறொருவராக இருந்தால் அத்தோடு ஒடிந்திருப்பார். இவர் மேல்முறையீடு செய்தார். சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பதவியைப் பறித்தது தவறு என்று வெள்ளைக்கார அரசின் மீதே வழக்குப் போட்டு 100 ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார். தொகை சிறிதுதான். ஆனால் ஆளுகிற அரசும் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்தது. தான் தப்பியது போதும் என்றும் இருக்கவில்லை. அதே வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களின் விடுதலைக்காகவும் போராடினார்.

பிறகு 1895 முதல் சென்னை சட்டசபை, 1913 முதல் 1916 வரை வைஸ்ராயின் மத்திய சட்டசபை, 1920இல் நாக்பூர் காங்கிரஸ் தலைவர். அமெரிக்காவில் எல்லையோர ஊர் வக்கீல்கள் செனட் வரை போன கதைகளைப் படித்திருப்பீர்கள். நம் பக்கத்துக் கதை இது. 1944இல் காலமானார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்கள், கொலை செய்தவர்கள் என்று 2013இல் ஆந்திராவில் பிடிபட்டு, சுமார் முன்னூறு தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிகள் சிறையில் கிடந்தார்கள். நம் மலைப் பிள்ளைகளும் அதில் உண்டு. 2016இல்தான் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மொழி தெரியாத ஊரில் அவர்களுக்காகப் பேச வக்கீல் வேண்டியிருந்தது.

மலையிலிருந்து சட்டம் படிக்கப் போன என் மாணவர்களே, படிப்பை முடித்ததும் திருவண்ணாமலை, திருப்பத்தூர் கோர்ட்டுகளில் நம் ஆட்களுக்காக ஒரு வழக்காவது காசு வாங்காமல் நடத்துங்கள். பெற்றோரே, பெண் பிள்ளைகளையும் சட்டம் படிக்க அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்