ஒற்றைச் சம்பளத்துக்கு எத்தனை அறை?

என் அம்மாயிக்கு எஸ்டேட் பதிவேட்டில் பெயர் கிடையாது. ‘விருந்தாளி’ என்று எழுதியிருந்தார்கள்.

1988-ல் அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது, தங்கைக்கு நான்கு. அம்மாவுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வேலை. விடிந்ததும் ஆளெடுக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் அம்மாவைப் பெற்றவள் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு துணிமூட்டையோடு மலைக்கு பஸ் ஏறி வந்தாள். சோறாக்கினாள், விறகு பொறுக்கினாள், எங்களைப் பள்ளிக்கு அனுப்பினாள். காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டாள். 2000-த்தில் இறக்கும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் அந்த லைன் வீட்டில் இருந்தாள். கடைசிவரை விருந்தாளிதான்.

சென்ற ஆண்டு நான் வீட்டுக்கடன் கேட்டு ஒரு வங்கியில் உட்கார்ந்திருந்தபோது அம்மாயியின் நினைவு வந்தது. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் தமிழ் விரிவுரையாளர் நான். கைக்கு வரும் சம்பளம் 42,000. மணவிலக்குப் பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பதினொன்றாம் வகுப்பில் மகள். உடன் இருப்பவள் அம்மா. அதிகாரி படிவத்தைப் புரட்டிவிட்டு மரியாதையாகவே கேட்டார்: “கோ-அப்ளிகன்ட் யாராவது இருக்காங்களா மேடம்? வீட்டுல சம்பாதிக்கிறவங்க?”

ஒரு சம்பளத்தில் பிள்ளை வளர்க்கும் பெண் எவ்வளவு வீடு வாங்கலாம் என்பது பார்வைக்கு வெறும் கணக்கு. ஆனால் குடும்பம் என்றால் யார், உழைப்பு என்றால் எது என்று இந்தக் கணக்கின் வாய்பாடு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. அந்த முடிவுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு.

தமிழில் வீடும் பெண்ணும் ஒரே வேர்ச்சொல்லில் பிறக்கிறார்கள். மனையிலிருந்து மனைவி, இல்லிலிருந்து இல்லாள். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவியர் முகம் மலரும். அடுத்த வரியையும் சொல்வேன். ‘இல்லாள்’ என்பதற்கு வீட்டுக்குரியவள் என்பதோடு ஒன்றும் இல்லாதவள் என்றும் பொருள் கொள்ளலாம். சொத்துரிமையின் வரலாறு பெரும்பாலும் அந்த இரண்டாவது பொருளில்தான் நடந்திருக்கிறது.

ஏற்காட்டிலிருந்தே தொடங்குகிறேன். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் நிழலும் மிளகுக் கொடியுமாகத் தோட்டங்கள் பரவின. அவற்றோடு கூலியாட்களுக்கான லைன் வீடுகளும் வந்தன. ஓர் அறை, ஓர் அடுப்படி, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும்.

சுதந்திர இந்தியா இதற்கு ஒரு சட்டம் செய்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என்றது. 25 ஏக்கரும் 30 ஆட்களும் உள்ள தோட்டங்களுக்கு முதலில் பொருந்தியது. 1981-ல் அந்த அளவு 5 ஹெக்டேர், 15 ஆட்கள் என்று குறைக்கப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் ‘குடும்பம்’ என்பதற்கு அது தந்த விளக்கத்தைப் படித்தபோதுதான் அம்மாயி ஏன் விருந்தாளி ஆனாள் என்று எனக்குப் புரிந்தது. வாழ்க்கைத்துணையும் பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளும் எல்லாத் தொழிலாளிக்கும் குடும்பம். தொழிலாளி ஆணாக இருந்தால் மட்டும், அவரை நம்பி வாழும் பெற்றோரும் குடும்பத்தில் சேர்த்தி. பெண் தொழிலாளியின் தாய் அவள் குடும்பத்தில் இல்லை.

இந்த வரி மாற 2010 ஆயிற்று. அந்த ஆண்டுத் திருத்தம் ஆண், பெண் இருவருடைய பெற்றோரையும், அவர்களை நம்பி வாழும் கைம்பெண் சகோதரியையும் குடும்பத்தில் சேர்த்தது. அம்மாயி இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

கூலிக் கணக்கிலும் இதே கதை. 1957-ல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. சம்பாதிக்கும் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்ட அளவிலான வீட்டுக்கு வாடகை. எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு. பெண்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் அது சொன்னது. ஒரு சம்பளத்தில் குடும்பம் வாழ வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. ஆனால் அந்த ஒரு சம்பளக்காரர் ஆண், வீட்டில் சமைத்துப்போட மனைவி இருக்கிறாள் என்பது சொல்லாமலே வைத்த அடித்தளம்.

தேயிலைத் தோட்டங்களின் கூலிப் பேச்சில் இந்த மூன்று அலகுகூட நிற்கவில்லை. தோட்டத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்கிறார்கள், எனவே ஆளுக்கு 1.5 அலகு போதும் என்று முதலாளிகள் வாதிட்டார்கள். அந்தக் கணக்கில் கணவனை இழந்த பெண்ணை வைத்துப் பாருங்கள். நாலு வயிறு, ஒன்றரை அலகு. ஊருக்குள் ஒரு சம்பளம் என்றால் அது ஆணின் குடும்பக் கூலி. மலையில் ஒரு சம்பளம் என்றால் பாதிக் குடும்பக் கூலி. இரண்டு கணக்கிலும் என் அம்மா இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. ஆஸ்திரேலியாவில் 1907-ல் வந்த ஹார்வெஸ்டர் தீர்ப்பு, திறன்சாராத் தொழிலாளியான ஓர் ஆண் மனைவியோடும் பிள்ளைகளோடும் வாழ நாளுக்கு ஏழு ஷில்லிங் வேண்டும் என்றது. பின்னர் அங்கே பெண்ணின் அடிப்படைக் கூலி அதில் ஏறத்தாழ பாதியாக வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் எலினோர் ராத்போன் 1924-ல் எழுதிய நூல் இந்தக் குடும்பக் கூலியைக் கேள்வி கேட்டது. மணமாகாத ஆண் இல்லாத மனைவிக்கும் பிறக்காத பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கூலி வாங்குகிறான். பிள்ளைகளோடு நிற்கும் விதவை ஒற்றை ஆளின் கூலி வாங்குகிறாள். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம்வரை, மனைவியின் சம்பளத்தை வீட்டுக்கடனுக்குச் சேர்க்க வேண்டுமானால் அவள் இனிக் கருவுற மாட்டாள் என்று மருத்துவரிடம் கடிதம் கேட்ட நிறுவனங்கள் இருந்தன. கடனில் பாலின பேதம் கூடாது என்ற சட்டம் அங்கே 1974-ல்தான் வந்தது.

கூலி இப்படி என்றால், பிறந்த வீடு? 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கோரித் தீர்மானம் போட்டது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு தந்தது. ஆனால் அதன் 23-ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை மட்டும் தனியாக எடுத்துவைத்தது. ஆண் வாரிசுகள் பிரிக்க நினைக்கும்வரை பெண் அதில் பாகம் கேட்க முடியாது. குடியிருக்கலாம். மகள் என்றால் அதற்கும் நிபந்தனை உண்டு: மணமாகாதவளாக, கைவிடப்பட்டவளாக, பிரிந்து வாழ்பவளாக அல்லது விதவையாக இருக்க வேண்டும். தனித்து நிற்கும் பெண்ணைச் சட்டம் பார்த்திருக்கிறது. பார்த்து, ஒண்டிக்கொள்ள ஒரு மூலை தந்திருக்கிறது. 1989-ல் தமிழ்நாடு மகளைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளி ஆக்கியபோது, அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. 23-ஆம் பிரிவு நீங்க 2005 ஆயிற்று.

நாங்கள் கூலிக்கு மலையேறியவர்கள். மலையிலேயே பிறந்த மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு அந்தச் சட்டமும் நேரடியாகப் பொருந்தாது. மத்திய அரசு தனியே அறிவித்தால் ஒழிய, 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் பழங்குடியினரைத் தொடுவதில்லை. பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2023-ல்தான். இடையில் ஒரு சட்டம் சற்று வேறு மாதிரி பேசியது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்கு உரிமைப் பத்திரம் இருவர் பெயரிலும், ஒற்றை ஆள் தலைமை தாங்கும் குடும்பத்துக்கு அந்த ஆளின் பெயரிலும் பதிவாக வேண்டும் என்கிறது. ஒற்றை ஆளின் குடும்பத்தையும் குடும்பம் என்றே எழுதிய வரி அது.

இனி என் கணக்கு.

வங்கி சம்பளத்தில் பாதியைத் தவணையாகக் கட்டலாம் என்றது. அறுபது வயதுக்குள் முடிக்க எனக்கிருப்பது 15 ஆண்டுகள். 8.5 விழுக்காடு வட்டியில் லட்சத்துக்கு மாதம் ஏறத்தாழ 985 ரூபாய். எனவே 21 லட்சம் கிடைக்கும். அதற்கேற்ற வீடும் பார்த்திருந்தேன். நகரத்துக்குள் 25 லட்சத்தில் ஒரு படுக்கையறை அடுக்ககம். லிஃப்ட் உண்டு, கல்லூரிக்குப் பத்து நிமிடம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 விழுக்காடு என்று இரண்டேகால் லட்சம் தனி. அதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். பெண் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் சலுகை இருக்கிறது. ஆனால் அது 10 லட்சம்வரை உள்ள சொத்துக்குத்தான்.

நான் அப்போது 9,500 வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். கடன் வாங்கும் முன்பே தவணை கட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் வேறொரு கணக்கில் போடுவது என்று வைத்துக்கொண்டேன். 20,685 ரூபாய் தவணைக்கு வித்தியாசம் 11,185. இரண்டாவது மாதமே தவறியது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை. அதோடு எங்களைப் போன்றவர்களுக்கு மே மாதச் சம்பளம் பாதிதான் வருகிறது. வங்கியின் கணக்கிலோ வருடத்துக்குப் பன்னிரண்டு முழு மாதங்கள்.

பிறகு வேறொரு கேள்வி கேட்டேன். என் சம்பளம் உண்மையில் ஒற்றைச் சம்பளமா? காலை ஏழரைக்கு நான் கிளம்பிவிடுகிறேன். மகளுக்குச் சோறு கட்டுவதும், சிலிண்டர்காரருக்குக் கதவு திறப்பதும், மாலையில் மகள் வரும்போது வீட்டில் ஆள் இருப்பதும் அம்மாவால். அம்மாவின் கூலியை அம்மாயி சாத்தியமாக்கினாள். என் சம்பளத்தை அம்மா சாத்தியமாக்குகிறாள். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவன் வெளிநாட்டில் சம்பாதிக்க வீட்டைக் கட்டிக் காத்த மனைவிக்கும் அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் சம உரிமை உண்டு என்றது. தாயின் உழைப்பால் மகள் வாங்கும் வீட்டைப் பற்றி இன்னும் யாரும் வழக்குப் போடவில்லை. வங்கிப் படிவத்தில் அம்மா ‘சார்ந்திருப்போர்’, அதாவது செலவு. என் கணக்கில் அம்மாவுக்குப் படுக்க இடம் இல்லாத வீடு எனக்குக் கட்டுப்படியாகாத வீடு. தரைத்தளம் வேண்டும், இரண்டு அறை வேண்டும். லிஃப்டும் பத்து நிமிடமும் போகட்டும்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி, குப்பனூர் வழியாக மலையேறும் சாலைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. 16.5 லட்சம், பதிவோடு 18 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் நகையை விற்றதும், அம்மாவின் பி.எஃப். பணத்தில் மிஞ்சியதுமாகக் கையில் 7 லட்சம் இருந்தது. அதில் 6 லட்சத்தைப் போட்டு 12 லட்சம் கடன் வாங்கினேன். தவணை 11,820. சம்பளத்தில் 28 விழுக்காடு. முப்பதுக்குள் நிற்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அந்த எண் அமெரிக்கப் பொதுக் குடியிருப்புகளின் வாடகைச் சட்டத்தில் 1969-ல் 25 ஆகவும் 1981-ல் 30 ஆகவும் இருந்தது. எனக்கு அந்த எண்ணைவிட, மிச்சம் வைத்த ஒரு லட்சம் முக்கியம். வேலை போனால் எட்டு மாதத் தவணை.

இழப்பும் உண்டு. போக வர தினம் இரண்டரை மணி நேரம் பஸ். மகள் அறைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “எனக்குன்னு ரூம் இல்லையாம்மா?” என்றாள். இல்லை. அம்மாயியோடுதான் படுத்துக்கொள்கிறாள். பரீட்சை நாட்களில் அடுப்படியில் விளக்குப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். இதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அம்மா 2016-ல் ஓய்வு பெற்றபோது லைன் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு இரண்டு பாத்திர மூட்டையோடு மலையிறங்கி வந்தவள். பத்திரத்தில் அவள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றேன். அப்படியானால் கடனிலும் அவர் கோ-அப்ளிகன்ட் ஆக வேண்டும் என்றார் அதிகாரி. “ஆனா அவங்களுக்கு வருமானம் இல்லையே மேடம்.”

வருமானம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மா கையெழுத்துப் போட நேரம் எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்தாள்.