ஆபீஸ் பேனா தோலுக்கு வந்த கதை

டாட்டூ கடையில் ரீங்காரமிடும் அந்தக் கருவியின் பாட்டன், குமாஸ்தாக்களுக்காகப் பிறந்தவன். 1876-ல் தாமஸ் எடிசன் மின்பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். பேனாவின் தலையில் ஒரு குட்டி மோட்டார். அது சுற்றச் சுற்ற, குழாய்க்குள் ஊசி விறுவிறுவென்று மேலும் கீழும் பாயும். எழுதினால் தாளில் எழுத்து விழாது, பொடிப்பொடியாய் ஓட்டைதான் விழும். அந்தத் தாளை வேறொரு தாளின் மேல் வைத்து மை உருளையை ஓட்டினால் பிரதி தயார். ஆனால் கூடவே வந்த பேட்டரி ஜாடியைக் கட்டி மேய்ப்பது பெரும்பாடு. சீக்கிரமே பேனா ஓரங்கட்டப்பட்டது.

நியூயார்க்கின் பவரி பகுதியில் பச்சை குத்திப் பிழைத்த சாமுவேல் ஓரைலி, அந்தப் பேனாவின் வழியிலேயே மைக்குழாயோடு ஒரு கருவி செய்து 1891-ல் காப்புரிமை பெற்றார். எடிசனின் கையிலேயே ஐந்து புள்ளிகள் குத்தியிருந்தன என்பது உபரிச் செய்தி.

அதுவரை எங்கும் கைவேலைதான். நம்மூர்க் குறத்தியும் ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, கரியில் தோய்த்துப் பொறுமையாகத்தான் குத்தினாள். பிள்ளைகள் வீறிட்டு அழ, பெரியவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மின்ஊசி வந்ததும் வேகம் கூடியது. குத்துகிற ஆழமும் கட்டுக்குள் வந்தது. மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே மை தங்காது, அடித்தோலில் இறங்க வேண்டும். அளவு மீறி இறங்கினால் கோடு கசிந்து மங்கும்.

வயதானவர்களின் தோல் மெல்லியது என்பதால் இந்த ஆழக் கணக்கு அங்கே இன்னும் முக்கியம். அவர்களும் இப்போது தயங்குவதில்லை. 2023-ல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், அமெரிக்காவில் 50 முதல் 64 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 25 பேரும், 65-ஐத் தாண்டியவர்களில் 13 பேரும் டாட்டூ உள்ளவர்கள். இவர்களில் சிலருடையது இளமையில் குத்தியதாக இருக்கும். பேரப்பிள்ளை பெயரை அறுபதில் குத்திக்கொள்பவர்களும் உண்டு. பாட்டி குத்தியிருந்ததைப் பட்டிக்காட்டுத்தனம் என்று ஒதுக்கிய தலைமுறை, பணி ஓய்வுக்குப் பிறகு அதையே காசு கொடுத்துக் கேட்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வேடிக்கை இல்லாத இடமும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை இழந்து, மறுசீரமைப்புச் செய்துகொண்ட பெண்களுக்கு, முலைக்காம்பை நிழலும் வண்ணமுமாக அச்சு அசலாகத் தீட்டித் தருகிறார்கள். பலர் வாழ்நாளில் குத்திக்கொள்ளும் முதல் பச்சை அதுதான். எதற்காகக் குத்திக்கொண்டாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஊசிக்குக் கை நீட்ட வேண்டும்.