தீவகத்தார் முறையிட எங்கே போவது?

இலங்கையில் எந்த ஊருக்கும் தனக்கெனத் தனியான நகரசாசனம் கிடையாது. ஓர் உள்ளூராட்சிச் சபையின் பிறப்பும் அதிகாரமும் ஆயுளும் நாடாளுமன்றச் சட்டத்திலேயே தங்கியுள்ளன. ஆகவே யாழ்ப்பாணத் தீவகத்தின் சபைகள் வடிவம் மாறியபோதெல்லாம் அந்த மாற்றம் கொழும்பிலேயே எழுதப்பட்டது.

1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை உருவாக்கியது. கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்தன. நெடுந்தீவுக்காரர் ஊருக்குள்ளேயே கேட்கக்கூடியதாயிருந்த கேள்விக்கு, கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் பதில் தேடவேண்டியதாயிற்று. அந்தச் சபைக்கு 1981 ஜூன் 4ஆம் திகதி நடந்த தேர்தலை, அதற்குச் சில நாட்களுக்கு முன் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டதோடு சேர்த்தே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தந்தது. இன்று நெடுந்தீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் தனிச்சபைகள் உள்ளன. நயினாதீவு வேலணைப் பிரதேச சபைக்குள் அடங்குகிறது. ஆனால் சட்டம் வந்ததும் சபை வந்துவிடவில்லை. 1990இல் தீவகத்தாரில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். யாழ். மாவட்டத்தில் பிரதேச சபைகளுக்கான முதல் தேர்தல் 1998 ஜனவரியில்தான் நடைபெற்றது.

அதே 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தைப் பலரும் அரசியல் தீர்வாக மட்டுமே பேசுகின்றனர். உள்ளூராட்சி மாகாணப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனினும் சபைகளின் அமைப்பையும் வடிவத்தையும் தீர்மானிக்கும் உரிமை மத்தியிடமே நின்றது. மாகாண சபை அவற்றுக்கு மேலதிக அதிகாரம் கொடுக்கலாம், இருப்பதைப் பறிக்கலாகாது.

சாமானியருக்குப் பயன்படும் வேறொன்றும் அத்திருத்தத்தில் உண்டு. மாகாணப் பட்டியலுக்குட்பட்ட விடயங்களில் எழுத்தாணை வழங்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. பிரதேச சபை ஒருவருக்குக் கட்டட அனுமதியை முறையின்றி மறுத்தால், அவர் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை, யாழ்ப்பாணத்திலேயே வழக்கிடலாம். முடிவு நல்லதா என்று நீதிமன்றம் ஆராயாது. அது சட்டப்படியானதா, பாதிக்கப்பட்டவரின் பக்கம் கேட்கப்பட்டதா என்றே பார்க்கும். வழக்குக்கு வேண்டிய ஆவணங்களைப் பெற 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும்.

ஆயினும் நீதிமன்றம் வாக்குச்சீட்டுக்கு ஈடாகாது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. உரிய தேர்தல் நடைபெறவில்லை; செயலாளர்களே நிர்வகித்தனர். தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல்தான் மக்கள் மீண்டும் வாக்களித்தனர்.

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தக் கடலைத் தாண்டி வந்து முறையிடுபவருக்கு, எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். சபைகளின் அறிவித்தற் பலகைகளில் சோலைவரிக் கடைசித் திகதியோடு இதையும் எழுதிவைத்தால் என்ன?