புலப்படாத காயமும் ஊன வீதமும்

உடலில் பட்ட குண்டுக் காயத்துக்குத் தழும்பே சாட்சி. கையிழந்தவனிடம் அக்கை இருந்ததா, போனதா என்று எந்த அதிகாரியும் வாதிடுவதில்லை. மனத்தில் பட்ட காயத்துக்கோ அதைச் சுமப்பவனுடைய வாய்ச்சொல்லே பெரும்பாலும் பிரமாணமாக வேண்டியிருக்கிறது. ஆனால், நேர்ந்ததை நினைக்கவும் பேசவும் அஞ்சி விலகுவது அந்நோயின் லட்சணங்களுள் ஒன்றாதலால், சாட்சியின் வாயை நோயே கட்டிவிடுகிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் ஈட்டுத்தொகைக்கெனத் தமக்கு வகுக்கப்பட்ட ஊன வீதத்தை எதிர்த்துச் செய்யும் மேல்முறையீடுகளை இம்முரண்பாட்டை மனத்திற்கொண்டே ஆராய்தல் வேண்டும் என்பது என் துணிபு.

வியத்நாம் யுத்தத்திலிருந்து மீண்டவர்களின் துயரம், அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் என்ற பெயருடன் 1980-ல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பகுப்பு நூலில் இடம்பெற்றது. இன்று அந்நாட்டுப் படைவீரர் நலத்துறை அதனை 0, 10, 30, 50, 70, 100 விழுக்காடு என்னும் ஆறு ஊன வீதப் படிகளில் அளக்கிறது. 50 என்பது தொழிலில் நம்பகமும் பயனும் குன்றிய நிலை. 70 என்பது தொழில், குடும்பம், விவேகம், சிந்தனை போன்ற பெரும்பாலான துறைகளில் குறைபாடு. 100 என்பது தொழில் வாழ்வும் சமூக வாழ்வும் முற்றும் முடங்கிய நிலை. ஒவ்வொரு படிக்கும் கூறப்பட்ட அறிகுறிகள் உதாரணங்களே அன்றி நிபந்தனைகள் அல்ல என்று படைவீரர் முறையீட்டு நீதிமன்றம் 2002-ல் தெளிவுபடுத்திற்று.

எனினும் நடைமுறையில் வீதத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது ஒரு நாளில் நடந்து முடியும் மருத்துவப் பரிசோதனையே. "ஒன்றுமில்லை, நலமாயிருக்கிறேன்" என்று சொல்லியே பழகிய போர்வீரன், முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை அணிந்து, குறித்த நேரத்தில் வந்து, கேட்டவற்றுக்கெல்லாம் மரியாதையாக விடையளித்துச் செல்லும்போது, படை கற்பித்த அந்த ஒழுங்கே அவனுக்கு விரோதமான சான்றாகிவிடுகிறது. நள்ளிரவில் அவன் கதவுத் தாழ்களைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதையும், உறக்கத்தில் அலறுவதையும், அதனால் மனைவி வேறறையில் படுக்க நேர்ந்ததையும் பரிசோதகர் எங்ஙனம் அறிவார்? பரிசோதனைக் கணத்து மதிப்பீட்டை மட்டும் நம்பாமல் சான்றுகள் அனைத்தையும் கருதுக என்று துறையின் விதியே பணிக்கிறது. சான்றுகள் இருபுறமும் ஏறத்தாழச் சமமாயின் ஐயத்தின் பலன் படைவீரனுக்கே என்பது சட்டம்.

2019 பிப்ரவரி முதல் முறையீட்டுக்கு மூன்று வழிகள் உள்ளன: புதிய சான்றுடன் கூடிய துணைக் கோரிக்கை, மூத்த அதிகாரியின் மறு ஆய்வு, முறையீட்டு வாரியம். இவற்றுள் மறு ஆய்வு புதிய சான்று எதையும் ஏற்பதில்லை. ஆகவே, பேசாதிருந்ததால் வீதம் குறைந்தவனுக்குப் பெரும்பாலும் அது பயன்படாது. மனைவியும் உடன் உழைத்தவரும் எழுதித் தரும் வாக்குமூலமே அவனுக்கு வேண்டுவது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வழக்கறிஞர் கூலிக்கு விதித்த 10 டாலர் உச்சவரம்பு 1988 வரை நீடித்தமையால், தலைமுறை தலைமுறையாக இவர்களுக்கு இதை எடுத்துரைக்கத் தக்க வக்கீல் வாய்ப்பதும் அரிதாயிருந்தது என்பதை எண்ணினால் நெஞ்சு வருந்துகிறது.

நோயை மிகைப்படுத்துவோரும் உளரே எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். மிகைப்படுத்தல் போலவே மறைத்தலும் உண்மைக்கு மாறானது. இரண்டையும் வெளிப்படுத்த வல்லது, அவனோடு பல்லாண்டு வாழ்ந்தவர்களின் சாட்சியமே. மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரு காரணத்தால் அத்தகைய சாட்சியத்தைத் தள்ளலாகாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்துள்ளது. அச்சாட்சியத்தை ஆராயாமல் விடுத்து வகுக்கப்பட்ட எந்த வீதமும் நியாயமான வீதம் அன்று.