கோரோவுக்குப் பசிக்கிறது

டோக்கியோவில் சான்யா என்றொரு பகுதி. தினக்கூலிகள் தங்கும் மலிவான விடுதிகளுக்குப் பேர்போனது. அங்கே பசியோடு அலையும் ஒருவர் கண்ணில் பட்ட சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறார். பன்றிக்கறி வதக்கலும் சோறும் சொல்கிறார். கூடவே ஒரு சூப். சூப் வந்த பிறகுதான் தெரிகிறது, அதிலும் பன்றிக்கறி. இப்படிச் சொல்லித் தொலைத்தோமே என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டே சாப்பிடுகிறார். கதை அவ்வளவுதான்.

1994-இல் ஒரு ஜப்பானிய மாத இதழில் இப்படித் தொடங்கியது ‘கொதோகு நோ குருமே’ சித்திரக்கதை. எழுதியவர் மசாயுகி குசுமி, வரைந்தவர் ஜிரோ தனிகுச்சி. நாயகன் கோரோ இனோகாஷிரா வெளிநாட்டுச் சாமான்களைத் தருவித்து விற்பவர். தனிக்கட்டை. மது தொடாதவர். வேலை விஷயமாக எங்காவது போவார், பசிக்கும், கடை தேடுவார். கடைச் சுவரில் தொங்கும் விலைப்பட்டியல் உட்பட எல்லாவற்றையும் நுணுக்கமாக வரைந்தார் தனிகுச்சி. கோரோவின் முகத்தைவிடத் தட்டுக்குத்தான் அதிக மை செலவாகியிருக்கும்.

1996-இல் தொடர் நின்றது. மறு வருடம் புத்தகமானது. 2000-இல் கையடக்கப் பதிப்பு வந்த பிறகு நிதானமாக, ஆனால் விடாமல் விற்றது. 2005-இல் பிரெஞ்சுக்குப் போனது. 2008-இல் வேறொரு இதழில் கோரோவுக்கு மறுபடி பசியெடுத்தது.

2012 ஜனவரியில் டிவி டோக்கியோ அதைத் தொடராக்கி நடுராத்திரியில் ஒளிபரப்பியது. ஊரே படுக்கப் போகும் நேரத்தில் சோற்றைக் காட்டி வயிற்றெரிச்சலைக் கிளப்புவது என்ன நியாயமோ! அடியாள் வேடங்களில் பார்த்துப் பழகிய நெட்டையான நடிகர் யுதாகா மட்சுஷிகேதான் கோரோ. சித்திரக்கதை பெரும்பாலும் கடையின் பெயரைச் சொல்லாது. தொடரிலோ கடையும் நிஜம், பண்டமும் நிஜம். முதல் பகுதியில் மொன்சென்-நகாச்சோவில் ஒரு சுட்ட கோழிக் கடை. பச்சைக் குடைமிளகாயை வேகவைக்காமல் பாதியாகப் பிளந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குழிக்குள் தணலில் சுட்ட கோழிக்கறி உருண்டையை வைத்து அமுக்கிக் கடிக்கிறார். ‘நறுக்’கென்று சத்தம். உதடு அசையவில்லை; மனசுதான் பேசுகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கதாசிரியர் குசுமியே அதே கடைக்குப் போய் உட்கார்ந்து, கோரோ தொடாத மதுவையும் சேர்த்து ஒரு கை பார்ப்பார்.

கதை கடல் தாண்டியது. 2015-இல் தைவான்காரர்கள் தங்களுக்கென்று ஒரு கோரோவை உருவாக்கிக்கொண்டார்கள். 2018-இல் ஜப்பானியக் கோரோவே கொரியாவுக்குப் போய்ச் சாப்பிட்டார். தனிகுச்சி 2017-இல் காலமானார். அவர் வரைந்தவை இரண்டே தொகுதிகள். 2025 ஜனவரியில் வந்த திரைப்படத்தை மட்சுஷிகேயே இயக்கினார். ஒரு சூப்பைத் தேடிப் பாரிஸ், நாகசாகி பக்கத்துக் கோத்தோ தீவுகள், கொரியா என்று அலைகிற கதை.

டோக்கியோவை எட்டிக்கூடப் பார்க்காதவர்களும் இதை ஏன் விடாமல் பார்க்கிறார்கள்? கோரோ யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பசித்த மனிதர் ஒருவர் தனக்காக மட்டும் சாப்பிடுகிறார்; நாம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறோம். கடைக்காரரும் பக்கத்து மேசை ஆட்களும் அவரவர் வேலையில் இருக்கிறார்கள். பார்க்கிறவருக்குக் கடை முழுசாகக் கிடைக்கிறது.

நம்மூர் பரோட்டாக் கடைக்கும் மெஸ்ஸுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. முதல் வாய் உள்ளே போவதற்குள் ‘வேற லெவல்’ என்று கத்தாதீர்கள். சால்னாவில் பரோட்டா ஊறட்டும், கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்கட்டும். ஒரு நிமிஷமாவது பேசாமல் சாப்பிடுங்கள். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் வேண்டும்.