வேளாண்மை பழுக்கும் வேளை

மட்டக்களப்பில் 'வேளாண்மை' என்றால் தொழிலின் பெயர் மட்டுமல்ல. வயலில் நிற்கும் நெற்பயிரே வேளாண்மைதான். அது குடலையாகும், கதிர் பறியும், பிறகு பழுக்கும். மா பழுப்பதற்கும் நெல் பழுப்பதற்கும் இங்கே ஒரே சொல். ஆனால் மாங்காய் பழுப்பதில் மரத்துக்கு நட்டமில்லை. நெல் பழுப்பதென்றால் தாள் சாகிறது என்று பொருள்.

சுமார் 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவி ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. வீடு எழுவான்கரையில், வயல் படுவான்கரையில் என்று வாழ்ந்த, நிலவுடைமையாளரான போடிமார் பலர். வேளாண்மைக் காலத்தில் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் தோணியேறிப் போனார்கள். மண்முனைத்துறையில் பாலம் வந்ததே 2014இல்தான். அதுவரை அங்கே நெல்லும் நீர்வழியே வாவியைக் கடந்துதான் ஊர் சேர்ந்தது.

வயலில் வாடி கட்டிக் கிடந்து வேளாண்மையைக் காத்தவர்கள் முல்லைக்காரரும் வயற்காரரும். வெட்டு நாளைக் குறிக்க அவர்களிடம் ஈரப்பத மானி இல்லை, வட்டை என்ற வயல்வெளியின் நிறம் இருந்தது. அடியிலை காய்ந்து, நடு இலை மஞ்சளாகி, கதிரை ஒட்டிய மேல் இலையிலும் பச்சை இறங்கும்போது அரிவாள் வயலுக்குள் இறங்கும். பூத்த நாளிலிருந்து அதற்கு ஏறக்குறைய முப்பது நாள்.

அந்த முப்பது நாளில் இலைக்குள் நடப்பதை விஞ்ஞானம் கண்டுகொள்ள நெடுங்காலம் பிடித்தது. இலையின் நைதரசனில் ஏறக்குறைய 80 சதவீதம் பச்சையவுருமணிகளில் இருக்கிறது. அதிலும் மிகப் பெரிய தனிப்பங்கு ரூபிஸ்கோ என்ற ஒரே புரதத்தில். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்துத் தரும் புரதம் அது. இலையின் உழைப்பாளியும் அதுதான், சேமிப்புப் பெட்டியும் அதுதான். கதிர் முற்றத் தொடங்கியதும் கலம் தன் பச்சையவுருமணிகளிலிருந்து சிறு சிறு துண்டுகளைப் பிரித்து, சவ்வில் பொதிந்து, நடுவிலுள்ள புன்வெற்றிடத்துக்குள் தள்ளுகிறது. அங்கே நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக அறுக்கின்றன. அவை தண்டின் வழியே ஏறி மணிக்குள் போகின்றன. மணியிலுள்ள நைதரசனில் பெரும்பகுதி அப்போது வேர் புதிதாக உறிஞ்சியதல்ல, இலையும் தாளும் விட்டுக்கொடுத்தது.

தன்னைத் தானே உண்ணுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டவர் கிறிஸ்டியன் டி டூவ். ஆண்டு 1963. ஈஸ்ட்டில் இதன் மரபணுக்களைத் தேடிப்பிடித்த யொஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லில் அந்த மரபணுக்களில் ஒன்றை யப்பானிய ஆய்வாளர்கள் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். மகரந்தம் சரியாக முதிரவில்லை, கதிர் பெரும்பாலும் பதராகிவிட்டது. தன்னைத் தின்னத் தெரியாத நெல் விளையாது என்பது 2014இல் வெளியான முடிவு.

இலை மஞ்சளாவதும் இந்தப் பிரித்தெடுப்பின் ஒரு பகுதிதான். பச்சையம் சிதைக்கப்பட்டதும் அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள்கள் வெளியே தெரிகின்றன. முல்லைக்காரரின் கண் பார்த்தது, வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றி அனுப்பிய பிறகு மிஞ்சும் வெறுஞ் சுவரை.

வெட்டிய கதிர் உப்பட்டியாகக் கிடந்து காய்ந்து, பிறகு சூடு என்ற நெற்போராக ஏறும். சூட்டைக் களவெட்டியில் பரப்பி எருமைகளை விட்டு மிதிப்பார்கள். களத்துக்குள் பேச்சே மாறிவிடும். அங்கே நெல் நெல்லல்ல, பொலி. வெறும் பெயரைச் சொன்னால் பூதம் கேட்டு விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற அச்சம். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இத்தகைய வழக்குகளைப் பொறுமையாகச் சேர்த்து வைத்த நூல். மிதித்து முடித்த வைக்கோல் மாட்டுக்குப் போகும், மாட்டின் சாணம் மண்ணுக்குப் போகும். யாரும் இதைத் திட்டம் என்று சொல்லவில்லை. மாடில்லாமல் வேளாண்மை இல்லை என்பதால் நடந்தது.

பிறகு காலம் வேகமாக மாறியது. 1949இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியது. 1961இல் அம்பாறை மட்டக்களப்பிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்ற நெல்லினம் வந்தது. அதன் பெற்றோரில் ஒன்றின் பெயர் முருங்கைக்காயன், தமிழ் மணக்கும் பெயர். மற்றது இந்தோனேசியாவின் மாஸ். 1962இல் பசளை மானியம் வந்தது. உயர்ந்து வளரும் பழைய நெல்லுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் சாய்ந்து விழும். பிறகு வந்த குட்டை இனங்கள் அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றன, இலையும் அதிக நாள் பச்சையாக இருந்தது. ஆகவே கண்ணும் இடம் மாறியது. இன்றைய வழிகாட்டிகள் இலையைப் பார்க்கச் சொல்வதில்லை, கதிரில் 80 முதல் 85 சதவீத மணிகள் வைக்கோல் நிறமானதா என்று பார்க்கச் சொல்கின்றன. எருமை மிதித்த இடத்தில் உழவு இயந்திரம் ஓடியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வட்டைகள் பல தரிசாகின. போர் முடிந்த பின் வெட்டு மெசின் வந்து, வெட்டும் அடிப்பும் ஒரே ஓட்டத்தில் முடிந்தன. களவெட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போகத்துக்கான விதைப்பு தொடங்கிவிட்டது. நைதரசன் கிடைக்காத பயிர் என்ன செய்யும்? பழுக்கும் காலத்தில் செய்ய வேண்டியதை இளமையிலேயே செய்யும்: அடியிலையைத் தின்று குருத்தை வளர்க்கும். பசளைத் தட்டுப்பாட்டில் அடியிலை முதலில் மஞ்சளாவதன் உள் கதை இது. வயலில் நிற்பவருக்கு நிறம் ஒன்றுதான். ஆனால் கதிர் முற்றும்போது வரும் மஞ்சள் விளைச்சல், இளமையில் வரும் மஞ்சள் பட்டினி. அந்தப் போகத்தில் நாடு முழுதும் நெல் விளைச்சல் கடுமையாக விழுந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. தாள் எல்லாச் சத்தையும் மணிக்குக் கொடுத்துவிடுவதில்லை. பயிர் எடுத்த நைதரசனில் சுமார் 40 சதவீதமும், பொட்டாசியத்தில் 80 முதல் 85 சதவீதமும் வைக்கோலிலேயே தங்கிவிடும். வைக்கோலைக் கொளுத்தினால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போகும். பொட்டாசியம் பெரும்பாலும் சாம்பலில் நிற்கும், ஆனால் ஓரிடத்தில் குவித்து எரித்தால் வயலின் மற்ற மூலைகளுக்கு அது போய்ச் சேராது. எருமையும் சாணமும் இருந்த காலத்தில் இந்த நட்டம் குறைவு. பொஸ்பேற்றுக்காவது எப்பாவலையில் ஒரு படிவு இருக்கிறது. பொட்டாசியத்துக்கு இலங்கையில் அப்படி எதுவும் இல்லை. கடல் கடந்து கப்பலில்தான் வருகிறது.