கையளவு நீர், கைப்பட்ட மண்

பாலைவழிப் பயணம் ஒன்றில் ஆயிஷா நாயகியின் (ரலி) கழுத்து மாலை அறுந்து தொலைந்தது. அதைத் தேடுவதற்காக நபிகள் நாயகம் (ஸல்) படையோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். பக்கத்தில் நீர்நிலை கிடையாது. யாரிடமும் கைவசம் தண்ணீரும் இல்லை. இத்தனை பேரையும் இப்படி நிறுத்திவிட்டாயே என்று மகளைக் கடிந்துகொண்டார்கள் அபூபக்கர் (ரலி). விடியும் வேளையில், தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுச் செய்ய நீரில்லை. மண்ணைத் தொட்டுத் தூய்மை செய்துகொள்ளும் தயம்முமுக்கான இறைவசனம் அந்த வைகறையில்தான் இறங்கியது. பிறகு ஒட்டகத்தைக் கிளப்பியபோது மாலை அதன் அடியிலேயே கிடந்தது. புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இந்தச் செய்தி இடம்பெற்றிருக்கிறது.

நீர் கிடைக்கும்வரை காத்திருந்து, அதன் பின் தொழுதுகொள்ளலாம் என்றும் கட்டளை வந்திருக்கலாம். அப்படி வரவில்லை. தொழுகையின் நேரம் அப்படியே நிற்க, தூய்மையின் வழிதான் மாறியது. இஸ்லாமியச் சட்ட நூல்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றிய பாடத்தோடு தொடங்குகின்றன. அந்தப் பாடம் எத்தனை நுணுக்கமாகக் கிளை பிரிந்தாலும் இந்த ஒரு நோக்கத்தை விட்டு விலகுவதில்லை: தூய்மை தொழுகைக்காக. அதுவே தொழுகைக்குத் தடையாகும் இடத்தில் சட்டம் தன்னைத் தளர்த்திக்கொள்ளும்.

நபித்தோழர்களின் வாழ்க்கையிலேயே இதற்குச் சான்றுகள் நிறைய. குளிப்புக் கடமையான நிலையில் நீர் கிடைக்காத அம்மார் பின் யாசிர் (ரலி), உடல் முழுவதும் மண் படவேண்டும் என்று எண்ணி மண்ணில் புரண்டார்கள். அவ்வளவு வேண்டாம், இரு கைகளையும் மண்ணில் பட வைத்து முகத்தையும் கைகளையும் தடவினால் போதும் என்று நாயகம் செய்து காட்டினார்கள். ஹிஜ்ரி 8இல் தாதுஸ் ஸலாஸில் போர்ப் பயணத்தின்போது கடுங்குளிர் இரவு. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சிய தளபதி அம்ர் பின் ஆஸ் (ரலி), தயம்மும் செய்து படைக்குத் தொழுகை நடத்தினார்கள். செய்தி நாயகத்திடம் போனது. காரணத்தைக் கேட்டுப் புன்னகைத்தார்கள், கண்டிக்கவில்லை.

கண்டித்த நிகழ்ச்சியும் உண்டு. தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. சலுகை கிடையாது, குளித்தே ஆகவேண்டும் என்று உடன் வந்தவர்கள் சொல்ல, குளித்தார், இறந்துபோனார். அபூதாவூத் தொகுப்பில் வரும் இந்தச் செய்தியில், அவரைக் கொன்றுவிட்டார்களே என்று நாயகம் மனம் கொதிக்கிறார்கள். தெரியாததைக் கேட்டறியாமல் மார்க்கத் தீர்ப்புச் சொல்வதன் ஆபத்தை இந்தச் செய்தி வலுவாக எடுத்துச் சொல்கிறது. கட்டுப்போட்ட காயத்தின்மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்பதும், சிறுநீர் அடங்காத நோயாளி ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒருமுறை ஒளுச் செய்தால் போதும் என்பதும் இதே அக்கறையிலிருந்து விளைந்த சட்டங்கள்தாம்.

நீர் தாராளமாகக் கிடைக்கும்போது என்ன அளவு? நாயகம் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்தார்கள், நான்கைந்து முத்து நீரில் குளித்தார்கள் என்பது ஹதீஸ். முத்து என்பது சராசரி மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. முகம், முழங்கை வரை கைகள், தலையில் தடவல், கணுக்கால் வரை பாதங்கள் எல்லாம் அதற்குள் முடிந்துவிடும்.

தேங்கிய நீர் எப்போது அசுத்தமாகும் என்ற கேள்வி தமிழகப் பள்ளிவாசல்களில் ஒளுச் செய்வதற்கான ஹவுளு என்ற நீர்த்தொட்டிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்கள் ஷாஃபிஈ மத்ஹப் என்ற சட்ட மரபைப் பின்பற்றுபவை. உள்நாட்டில் ஹனஃபீ மத்ஹபினர் அதிகம். ஷாஃபிஈ சட்டத்தில் இரண்டு குல்லா நீர் ஓர் எல்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு அது. பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் என்று கொண்டால் 216 லிட்டர். அந்த அளவை எட்டிய நீரில் அசுத்தம் விழுந்தாலும், நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை அது தூய நீரே. ஹனஃபீ அறிஞர்கள் பத்துக்குப் பத்து முழம் என்று பரப்பைக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 225 சதுர அடி. ஆழம், கையால் அள்ளும்போது தரை தெரியாத அளவு இருந்தால் போதும். அவ்வளவு பெரிய ஹவுளு ஓடும் நீருக்குச் சமம். ஒன்று கனஅளவு, மற்றது பரப்பளவு. வழி வேறு; ஆயினும் நூறு பேர் கை நனைக்கும் நீரைச் சந்தேகப்பட்டுக் கொட்டிவிடாமல் காத்ததில் இரண்டும் ஒன்றே.

இந்தச் சட்டங்களைத் தமிழ் மக்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898). அவரது 'ஃபத்ஹுத் தய்யான்' அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறையில் அமைந்த சட்ட நூல். குர்ஆன் ஓதத் தெரிந்தும் அரபு மொழி புரியாத வீட்டுப் பெண்களும் அதைத் தாமாகவே வாசிக்க முடிந்தது. ஆலிம்களிடம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்ட சட்டங்களைப் பெண்கள் தனியே படித்துத் தெளிந்தது சிறிய சாதனையல்ல.

அளவுக்குக் குறைவதைப் போலவே அளவு மீறுவதையும் அறிஞர்கள் எதிர்த்தார்கள். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவி, ஒளு முறிந்ததோ என்று தவிக்கும் வஸ்வாஸ் என்ற மனக்குழப்பம் பழங்காலத்திலேயே இருந்தது. உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் நீக்கிவிடாது என்ற சட்ட விதி அதற்கு மருந்தாயிற்று. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் 'இஹ்யா' நூலின் தூய்மைப் பாடத்தில் உமரை (ரலி) எடுத்துக்காட்டுகிறார். கிறிஸ்தவப் பெண்ணொருத்தியின் குடத்து நீரில் தயக்கமின்றி ஒளுச் செய்தவர் அந்தக் கலீஃபா. முன்னோர் உள்ளத்தைக் கழுவக் கவலைப்பட்டார்கள், பின்வந்தவர்களோ புறத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது கஸ்ஸாலியின் வருத்தம்.

பழைய விதிகள் புதிய இடங்களுக்கும் போயின. 2007 அக்டோபரில் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுக்கூர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது அந்நாட்டு அறிஞர்கள் ஒரு வழிகாட்டியை வகுத்தார்கள். நீர் பயன்படுத்த இயலாவிட்டால் தயம்மும். தொழுகை நேரங்கள் புறப்பட்ட இடத்தின்படி. 1978இல் சவூதி மூத்த அறிஞர் குழு, அசுத்தத்தின் நிறம், சுவை, வாடை மூன்றும் முற்றாக நீங்கும்படி சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் ஒளுவுக்கும் தகும் என்று தீர்ப்பளித்தது. ஹவுளு நீரை அளந்த அதே மூன்று அடையாளங்கள்!

இன்று பல பள்ளிவாசல்களில் ஹவுளுவின் இடத்தைக் குழாய்கள் பிடித்துவிட்டன. குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கால் கழுவும்போது ஒரு முத்து எப்போது தாண்டியது என்று யாரும் பார்ப்பதில்லை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊர்களிலும் இதே கதைதான். ஒளுச் செய்து வழிந்த நீர் மீண்டும் ஒளுவுக்கு ஆகாது என்றாலும், அது தூய நீரே என்பதுதான் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு தரப்பின் நிலைத்த கருத்து. அதைச் சாக்கடையில் விடாமல் பள்ளி வளாகத்துத் தென்னைகளுக்குத் திருப்ப மார்க்கத்தில் தடை எதுவுமில்லை. அதற்குத் தனியாக ஒரு வடிகால் குழாயும், பள்ளி நிர்வாகத்தின் ஒரு தீர்மானமும் இருந்தால் போதும்.